வாசலில் நின்ற கொம்பையா

எண்திசை வென்ற, இருள் கிழித்த, இராஜகம்பீர மார்த்தாண்டன் ஒரு சொற்பொழிவின் நடுவில் இறந்துபோனான்.

பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடலுக்கு அடியில் குடைந்த ஆழிக்குகையின் கடைசி மண்டபத்தில், யாரும் கண்டிராத கல் அரியணையைக் கண்டுபிடித்து, அதில் ஏறி அமர்ந்து, தோழர்கள் இருவரையும் வலப்புறம் ஒருவர், இடப்புறம் ஒருவர் என்று நிற்கச் சொல்லிவிட்டு, "இன்று முதல் இந்தப் பாதாளம்" என்று தொடங்கியிருந்தான். இன்று முதல் அந்தப் பாதாளம் என்ன ஆகப்போகிறது என்பது கடைசிவரை தெரியவில்லை. அரியணை அரை விரல் கீழே இறங்கியது. கூரை முழுதாக இறங்கியது.

தோழர்கள் இருவரும் பாய்ந்து தப்பப் பார்த்தார்கள். மக்ரூன் டின்னின் மூடியில் பகடைகள் உருண்டு நின்றன. இரண்டுமே சின்ன எண்.

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில், புகாரியின் கயிற்றுக் கடைக்கு மேலே இருந்த மாடி அறையில், மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியத்து வெயில் சன்னலில் நின்றது. மேசையைச் சுற்றி இருந்த நான்கு பேரும் செத்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த ஆட்டம் ஒன்றும் பெரிய சூத்திரமில்லை. நடுவர் ஒரு உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து அந்த உலகத்துக்குள் இறங்கி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை. இவர்கள் ஆடியது பழைய முறை. பகடை எல்லோர் கண்முன்னாலும்தான் உருளும். செத்தவன் செத்தவன்தான்.

நடுவர் செந்தூர்க்கனி, பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். குரலை உயர்த்தாமல் ஒரு வகுப்பையே அடக்கிப் பழகியவர். குகையின் வரைபடம் போடுவது புகாரியின் வேலை. கடையில் கயிறு அளந்து அளந்து அவருக்குத் தூரம் கண்ணிலேயே நிற்கும். மருத்துவச்சி வேடம் போடும் ரெக்ஸ்லின், பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மார்த்தாண்டனாக ஆறேழு வருஷம் வாழ்ந்தவர் ஹெர்மன் மச்சாது. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் மேலாளர். கோவில் திருவிழா, பணி ஓய்வு விழா, வலைப்பந்துப் போட்டி, எங்கே மைக் நின்றாலும் அதன் முன்னால் அவரும் நிற்பார். ஒவ்வொரு ஞாயிறும் மார்த்தாண்டனின் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் கூடிவிடும். அதை அவரே சூட்டி, அவரே ஏற்றுக்கொண்டு, அவரே நன்றியுரையும் சொல்வார்.

இப்போது அவர் கவலை வேறு. ஆள் போனதுகூடப் பரவாயில்லை. போன விதத்தை யாராவது ஊரில் போய்ச் சொல்ல வேண்டும் அல்லவா? அரியணையில் வீற்றிருந்தபடி பாதாளத்தையே எதிர்த்து மாண்டான் என்று சொல்ல ஒரு வாய் வேண்டும் அல்லவா? மூன்று வாயும் கல்லுக்கடியில்.

அதைவிடப் பெரிய கேடு ஒன்றும் இருந்தது. குகைக்குள் போனவர்களில் ஒருவராவது உயிரோடு திரும்பி, நடந்ததைச் சொன்னால்தான் அந்த உலகம் தொடரும். யாருமே வராவிட்டால் ஊர்க்காரர்கள் குகைவாயைக் கல்லால் அடைத்துவிடுவார்கள், ஆட்டம் அதோடு முடிந்தது, அடுத்த வாரம் வேறு உலகம். ஆழிமுனை என்ற அந்த ஊரில் ரெக்ஸ்லின் ஒரு மருத்துவச்சாலை கட்டியிருந்தாள். புகாரி கலங்கரை விளக்கம் எழுப்பியிருந்தார். எல்லாம் போகும். அந்த விதியைப் போட்டதும் மச்சாதுதான். வீரனுக்கு மறுவாய்ப்பு எதற்கு என்று முதல் நாளே மார்தட்டி, எல்லோரையும் ஒத்துக்கொள்ள வைத்திருந்தார்.

செந்தூர்க்கனி தாள்களை அடுக்கத் தொடங்கினார். அப்போது ரெக்ஸ்லின் கேட்டாள்.

"டீச்சர், வெளக்குப் பிடிச்சவன் எங்க?"

டீச்சரின் கை நின்றது. மண்டபத்துக்குள் நுழையும்போது, விளக்குப் புகை அரியணைக்கு ஆகாது, கூலியாள் வாசலிலேயே நிற்கட்டும் என்று உத்தரவு போட்டது மார்த்தாண்டன். கல் விழுந்தது மண்டபத்துக்குள் மட்டும். வாசலில் நின்றவன் வாசலில்தான் நிற்கிறான்.

டீச்சர் பெட்டிக்குள் தேடி, ஓரம் மடங்கிய ஒரு சின்ன அட்டையை எடுத்து மச்சாதுவின் முன்னால் வைத்தார். அவர் அமர்த்திய கூலியாள், அவர்தான் ஆட வேண்டும். செத்தவர்கள் பேசக் கூடாது. புகாரி தன் வரைபடத்தை எடுத்து, முகம் கவிழ்த்து, மக்ரூன் டின்னுக்கு அடியில் செருகினார். அது அவருடைய ஆளின் மடியில் இருந்தது, ஆளோடு நசுங்கிவிட்டது, நியாயம் நியாயம்தான் என்றார்.

மச்சாது அட்டையைப் பார்த்தார். உயிர் இரண்டு புள்ளி. ஒரு பூனை பிராண்டினாலே போய்விடும் உயிர். ஆயுதம் என்ற இடம் காலி. ஒரு கத்தி இருந்ததாகத் தனக்கு ஞாபகம் என்றார். இருந்தது, போன வாரம் பழம் நறுக்குவதற்காக மார்த்தாண்டன் வாங்கிக்கொண்டான், திருப்பித் தரவில்லை என்றார் டீச்சர்.

"பேரு?"

"கூலிக்கு எடுத்த அன்னைக்கே எழுதி வச்சேன் சார். கொம்பையா."

"அப்ப நாங்க என்னன்னு கூப்புட்டோம்?"

"ஏ வெளக்குன்னு" என்றாள் ரெக்ஸ்லின். சொல்லிவிட்டு, தான் செத்தவள் என்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் ஒரு சங்கதி. வீரர்களுக்குச் சுமை தூக்குவது அழகில்லை என்பதால் எல்லாச் சாமானும் கொம்பையாவின் தோளில்தான் இருந்தது. நீளக் கழி, எண்ணெய், முதல் அறைகளில் அள்ளிய வெள்ளிக் காசு மூட்டை, எல்லாம். உயிர் மட்டும்தான் கொஞ்சமாக இருந்தது.

மச்சாது தொண்டையைக் கனைத்து எழுந்து நின்றார். "அஞ்சேன்! இவ்விருளே என் தாய், இக்கல்லே என்..."

"சத்தமாவா சொல்லுதீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

ஆமாம் என்றார் மச்சாது. சத்தமாகச் சொல்லாத வீரவசனம் எதற்கு? டீச்சர் ஒரு பகடையை எடுத்து மூடியில் உருட்டினார். ஒன்று. குகையில் சத்தம் போட்டால் ஏதாவது கேட்டுக்கொண்டிருக்கும், பகடை ஒன்று காட்டினால் கேட்டுவிட்டது என்று அர்த்தம். தூரத்தில், வந்த வழியில் எங்கோ, கனமான ஒன்று தண்ணீருக்குள் சரிந்து இறங்கும் ஓசை கேட்டதாக டீச்சர் அமைதியாகச் சொன்னார்.

மச்சாது உட்கார்ந்தார்.

மைக் இல்லாத இடத்தில் தான் எப்படிப் பேசுவோம் என்று அவருக்கே தெரியாதுபோல் இருந்தது. முன்னால் நடைபாதை இரண்டாகப் பிரிகிறது, எந்தப் பக்கம் என்று டீச்சர் கேட்டபோது, தலைவனுக்கு வழி காட்டத்தான் ஆட்கள் இருக்கிறார்களே என்று வரைபடத்தை ஒருநாளும் எட்டிப் பார்க்காத தன் பெருந்தன்மை அவர் கழுத்தைப் பிடித்தது. புகாரியைப் பார்த்தார். புகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார். வழி தெரிந்த பிணம் அவர். பாவம், அவருக்கும் கஷ்டம்தான்.

கடைசியில் மச்சாது கேட்டார். ஆட்டத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"டீச்சர்... தீபம் எந்தப் பக்கம் சாயுது?"

செந்தூர்க்கனியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கண்ணாடியை மட்டும் ஏற்றிவிட்டுக்கொண்டார். சுடர் இடப்பக்கத்து வழியை நோக்கிச் சாய்கிறது என்றார். அப்படியானால் காற்று வலப்பக்கத்திலிருந்து வருகிறது. அந்தக் காற்றில் என்ன வாடை என்று மச்சாது கேட்டார். உப்பு வாடை. கருவாடு காயும் வாடையும் லேசாக. அது வெளிக்காற்று, கரைக்காற்று. கொம்பையா வலப்பக்கம் திரும்பினான். புகாரி மெல்ல மூச்சு விட்டார்.

அதன் பிறகு கேள்விகள் வந்தபடி இருந்தன. தரை ஈரமா? கல் ஆடுகிறதா? கழியால் தட்டினால் என்ன ஓசை? ஓரிடத்தில் டொக்கென்று உள்வெறுமை கேட்டது. கொம்பையா சுவரோரமாக ஒட்டி நடந்து தாண்டினான். மார்த்தாண்டன் இதே பாதையில் நடுவழியாக வாளை உயர்த்திக்கொண்டு போனவன். அன்றைக்குப் பகடை அவன் பக்கம் இருந்தது. அதை அவன் வீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு குளம் வந்தது.

அந்தப் பக்கக் கரையில் படிக்கட்டு. படிக்கட்டின் உச்சியில் பகல் வெளிச்சத்தின் ஒரு கீற்று. இடையில் கறுப்புத் தண்ணீர். மேலே ஒரு கயிற்றுப் பாலம் இருந்திருக்க வேண்டும். அதன் அறுந்த நுனி எதிர்க்கரையில் தொங்கிக்கொண்டிருந்தது. போன வாரம் எல்லோரும் கடந்ததும், திரும்பிப் பார்க்கும் வழக்கம் நமக்கில்லை என்று முழங்கி, மார்த்தாண்டன் ஒரே வீச்சில் வெட்டிய பாலம் அது. அன்று மேசையில் கைதட்டல்கூட விழுந்தது. தட்டியவர்களில் ஒருவர் இப்போது நகத்தைக் கடித்தார், இன்னொருவர் உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

தண்ணீருக்கு நடுவில் வெள்ளையாக ஒரு முதுகு தெரிந்தது. முதலை. கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான தோல். இருட்டிலேயே பிறந்து வளர்ந்தது, பார்வை கிடையாது, காதால்தான் வேட்டை. சற்று முன்னால் ஒரு வீரவசனம் அதன் காதில் விழுந்திருந்தது. அது விழித்துக் காத்திருந்தது.

மச்சாது கழியை விட்டு ஆழம் பார்த்தார். மார்பளவு. சத்தமில்லாமல் இறங்கினால் போகலாமா என்று கேட்டார். போகலாம், ஆனால் முதுகில் வெள்ளிக் காசு மூட்டை இருக்கிறது, ஒவ்வொரு அடிக்கும் அது கலகலக்கும் என்றார் டீச்சர்.

அந்த மூட்டைக்காகத்தான் மூன்று வாரம் இறங்கி ஏறியிருந்தார்கள். இந்த ஆட்டத்தில் புதையலைக் கரைசேர்த்தால்தான் ஆள் வளர்வான். மச்சாது மூட்டையைப் பற்றி நெடுநேரம் யோசித்தார். கரையிலேயே விட்டுவிடலாம். அல்லது துணிந்து சுமக்கலாம். மார்த்தாண்டன் என்றால் சுமந்திருப்பான், சுமந்துகொண்டு ஏதாவது சொல்லியும் இருப்பான்.

அவர் குரல் அடங்கி வந்தது. "டீச்சர், ஒரு பிடி காசை அள்ளி, எட்டாத மூலையில வீசுனா?"

டீச்சர் பகடையை உருட்டினார். காசுகள் தூரத்துப் பாறையில் சிதறின. வெள்ளை முதுகு திரும்பி, அந்தப் பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. கொம்பையா கழியையும் எண்ணெயையும் கரையிலேயே விட்டுவிட்டு, விளக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

இரண்டு அடி. நின்றான். இன்னொரு பிடி, இன்னும் தூரமாக. பகடை. முதலை போயிற்று. இரண்டு அடி. இன்னொரு பிடி. மூன்று வார உழைப்பு பிடி பிடியாக இருட்டுக்குள் போய் விழுந்தது. ஒவ்வொரு பிடிக்கும் மேசையில் ஒரு பகடை உருண்டது, நான்கு தலைகளும் மூடிக்கு மேல் குனிந்து நிமிர்ந்தன. கீழே கடையில் யாரோ கயிறு விலை கேட்டார்கள். புகாரியின் மச்சினன் ஏதோ பதில் சொன்னான். புகாரி அது தன் கடை என்பதையே மறந்திருந்தார்.

படிக்கட்டு கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது மூட்டை காலியானது. மூலையில் ஒன்றும் கிடைக்காத முதலை திரும்பியது. கொம்பையாவின் மூச்சைக் கேட்டிருக்க வேண்டும், நேராக வந்தது.

கையில் என்ன இருக்கிறது என்று மச்சாது கேட்டார். விளக்கு மட்டும்தான் என்றார் டீச்சர்.

"அதையும் எறியுதேன். பாறைமேல மோதணும், பித்தளைச் சத்தம் கேக்கணும். எறிஞ்சிட்டு ஏறுதேன்."

விளக்கு போய் மோதி உருண்டது. எல்லாம் இருட்டு. முதலை குழம்பிற்றா இல்லையா? டீச்சர் இருபது முகப் பகடையை எடுத்தார். கொம்பையாவின் காலைப் பிடிக்க அதற்கு ஒரு வாய்ப்பு உண்டு, பத்துக்கு மேல் விழுந்தால் பிடிக்கும், பிடித்தால் இரண்டு புள்ளி உயிர் நிற்காது என்று முன்கூட்டியே சொன்னார். கையை மேசை நடுவுக்குக் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க உருட்டினார்.

பகடை டின் மூடியின் விளிம்பைத் தட்டித் திரும்பி, ஆடி, நின்றது. நான்கு.

கொம்பையா நான்கு காலில் படியேறி வெளியே வந்து மணலில் விழுந்தான். ரெக்ஸ்லின் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். புகாரி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். விளக்குத் தூக்கியிடம் விளக்கு இல்லை, புதையல் எடுக்கப் போன கூட்டத்தில் மிஞ்சியவனிடம் ஒரு காசும் இல்லை. ஆனாலும் ஆழிமுனைக்காரர்கள் குகைவாயை அடைக்கக் கொண்டுவந்த கற்களைக் கீழே வைத்தார்கள்.

இனி ஒரே ஒரு வேலை. ஊர்த்தலைவிக்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். மச்சாது நிமிர்ந்து உட்கார்ந்தார். இதற்காகத்தானே இவ்வளவு தூரம் அவனை இழுத்து வந்தது. சொல்ல வேண்டியதெல்லாம் அவர் மனதில் அடுக்கடுக்காகத் தயாராக இருந்தது. அந்த ஊரில் குகையில் மாண்டவருக்குக் குகைவாசலுக்குள், இருட்டு தொடங்கும் இடத்தில் நடுகல் உண்டு, உயிரோடு வந்தவன் சொல்லும் சொல்தான் கல்லில் ஏறும். ஏற்கெனவே அங்கே சில கற்கள் நின்றன. எல்லாம் மச்சாது சொல்லி வெட்டியவை. 'விண்ணகம் புகுந்தான்', 'புகழுடம்பு எய்தினான்' என்றெல்லாம் அழகாக இருக்கும். அந்தக் கற்களுக்கு உரியவர்களில் இரண்டு பேர் ஒரே குழியில் அடுத்தடுத்த மாதங்களில் விழுந்து செத்தவர்கள். குழி எங்கே இருக்கிறது என்று எந்தக் கல்லிலும் இல்லை.

செத்தவர்கள் இருவரும் இதற்குள் புது ஆட்களைப் பகடை போட்டு உருவாக்கிவிட்டார்கள். புகாரிக்கு ஒரு சுண்ணாம்புக் காளவாய்க்காரன். ரெக்ஸ்லினுக்குப் பாய் முடைகிற ஒரு பெண், உயிர் ஒரே ஒரு புள்ளி. செத்துப்போன மருத்துவச்சியின் தங்கையாம், அக்காளின் உடலைத் தேடி உள்ளே போவாளாம். புது ஆட்களுக்குப் பழையது ஒன்றும் தெரியாது. கொம்பையா சொல்வது மட்டும்தான் தெரியும்.

ரெக்ஸ்லின் அந்தப் பெண்ணாகவே கேட்டாள். "எங்க அக்கா எப்பிடிச் செத்தா? நீ பாத்தியா?"

மச்சாது வாயைத் திறந்தார். அடுக்கி வைத்த சொற்கள் எல்லாம் தொண்டை வரை வந்து நின்றன. எதிரே அவள் அட்டையில் ஒரு புள்ளி உயிர். 'அரியணையில் வீற்றிருந்து' என்று சொன்னால் அவளும் அதைத் தொட்டுப் பார்க்கப் போவாள், சந்தேகமில்லை.

"நா வெளியதான் நின்னேன் தாயி" என்றார். அது மேடைக் குரல் இல்லை. "அவரு அந்த நாற்காலியில ஏறி உக்காந்தாரு. ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்கச் சொன்னாரு. பேச ஆரம்பிச்சாரு. கூரை விழுந்துட்டு. எதுத்துச் சண்டை போட அங்க யாருமே இல்ல."

பிறகு குளத்தைச் சொன்னார், காது கேட்கும் முதலையைச் சொன்னார், உள்ளே வெற்றாக ஒலிக்கும் தரையைச் சொன்னார், பாலம் எப்படிப் போனது என்பதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொன்னார்.

மார்த்தாண்டன் கல்லில் என்ன வெட்ட வேண்டும் என்று ஊர்த்தலைவியாக டீச்சர் கேட்டார். மச்சாது சொன்னதை டீச்சர் ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் காட்டினார்.

'மார்த்தாண்டன் உள்ளே அரியணையில் உட்கார்ந்தான். நீங்கள் உட்கார வேண்டாம்.'

புகாரி எழுந்துவந்து மச்சாதுவின் தோளில் கை வைத்தார், எடுக்கவில்லை.

"இவ்வளவுதானா சார்?" என்று செந்தூர்க்கனி கேட்டார். "கல்லுல எடம் நெறைய மிச்சம் கெடக்கு."

"அப்ப எழுத்தப் பெருசா வெட்டச் சொல்லுங்க டீச்சர்" என்றார் மச்சாது. "இருட்டுல படிக்கணும்லா."